கொம்பனி கைவிட்ட விளையாட்டை நாம் தொடர்வதா? மலையகத்தில் மினியேச்சர் போர் விளையாட்டுகளின் எதிர்காலம்

விண்கலன் · ஹட்டன்

எல்லோருக்கும் வணக்கம். ஹட்டன் பக்கம் எங்கள் குழு ஆடுவது எக்ஸ்-விங். பார்க்காதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம்: ஸ்டார் வார்ஸ் விண்கலங்கள், வர்ணம் பூசியே பெட்டியில் வரும். மூன்றடிக்கு மூன்றடி மேசை போதும். ஒவ்வொரு கலத்துக்கும் ஒரு டயல் உண்டு. எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்று இரகசியமாகத் திருப்பிக் கவிழ்த்து வைத்துவிட்டு, முறைப்படி ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். எதிராளி எங்கே வருவான் என்று ஊகிப்பதில்தான் முழு விளையாட்டும் இருக்கிறது.

2012 இல் ஃபேண்டஸி ஃப்ளைட் என்ற கொம்பனி இதை வெளியிட்டது. 2018 இல் இரண்டாம் பதிப்பு வந்தது. 2020 கடைசியில் அட்டாமிக் மாஸ் என்ற இன்னொரு கொம்பனியின் கைக்குப் போனது. 2024 இல் எக்ஸ்-விங், அதே ஸ்டார் வார்ஸ் கலங்களை வைத்து ஆடுகிற ஆர்மடா இரண்டையும் இனிமேல் வளர்க்கப் போவதில்லை என்று அறிவித்துவிட்டார்கள். அதாவது புதிய கலம் வராது, இரண்டு பக்கமும் சமமாக இருக்க ஒவ்வொரு கலத்துக்கும் இத்தனை புள்ளி என்று கொம்பனி போடுகிற பட்டியலும் வராது.

எங்களிடம் இருக்கிற கலங்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன, உடையவில்லை. ஆனால் குழுவில் ஒரு தளர்வு வந்துவிட்டது. ஓ/எல் எழுதிவிட்டுப் புதிதாகச் சேர்ந்த பையன்கள் "இது முடிஞ்சு போன கேம்தானே அண்ணே" என்று கேட்கிறார்கள். எல்லோரும் சேர்ந்து போட்ட காசு கொஞ்சம் கையில் இருக்கிறது. அதை எதில் போடுவது என்பதில் இழுபறி. ஒரு பக்கம், இருக்கிறதையே ஆடுவோம் என்கிறார்கள். இன்னொரு பக்கம், உயிரோடு இருக்கிற ஒரு விளையாட்டுக்கு மாறுவோம் என்கிறார்கள். மற்ற ஊர்க்காரர்கள் என்ன செய்கிறீர்கள்?

ஆறுபக்கம் · பண்டாரவளை

தம்பி, "முடிஞ்சு போன" விளையாட்டுகள் சிலவற்றுக்கு அப்புறம் என்ன நடந்தது என்று பாருங்கள், பையன்களுக்கும் சொல்லுங்கள்.

பிரான்சில் ரக்காம் என்று ஒரு கொம்பனி. அவர்களுடைய கன்ஃப்ரன்டேஷன் உலோக உருவங்களைக் கையில் வைத்துப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள், அவ்வளவு நுணுக்கம். பிறகு வர்ணம் பூசிய பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள், 2010 இல் கொம்பனியே கலைக்கப்பட்டது. அந்த விளையாட்டு அதன் உருவங்களோடும் அதன் அட்டைகளோடும் ஒட்டியே இருந்தது. கொம்பனி போனதும் புதிதாக ஒருவர் உள்ளே வர வழியில்லாமல் போனது.

வார்ஹாமர் ஃபேண்டஸி 1983 இல் தொடங்கியது. 2015 இல் கேம்ஸ் வேர்க்‌ஷொப் அதை நிறுத்தி, உருவத்தின் அடியில் சதுரத் தட்டுக்குப் பதிலாக வட்டத் தட்டு இருக்கிற வேறொரு விளையாட்டைக் கொண்டு வந்தது. அன்றைக்குக் கோபத்தில் படையை விற்றவர்கள் உண்டு. சிலர் கடைசியாக வந்த எட்டாம் பதிப்பிலேயே நின்றார்கள். சிலர் அதே உருவங்களை வைத்து கிங்ஸ் ஒஃப் வோர் என்ற வேறு கொம்பனியின் விளையாட்டை ஆடினார்கள். சிலர் சேர்ந்து நைன்த் ஏஜ் என்று தாங்களே விதி எழுதி இலவசமாக வெளியிட்டார்கள். 2024 ஜனவரியில் அதே கொம்பனி தி ஓல்ட் வேர்ல்ட் என்ற பெயரில் சதுரத் தட்டுக்கே திரும்பி வந்தது. சில தட்டுகளின் அளவு மாறியிருந்தாலும், படையை வைத்திருந்தவர்கள் பழைய உருவங்களையே மேசையில் வைத்தார்கள்.

என் மனதுக்கு நெருக்கமானது பெட்டில்டெக், இராட்சத ரோபோ இயந்திரங்கள் மோதுகிற விளையாட்டு. 1984 இல் ஃபாசா என்ற கொம்பனி வெளியிட்டது. 2001 இல் ஃபாசா கடையை மூடிவிட்டது. உரிமை கை மாறி மாறிப் போய் 2007 முதல் கட்டலிஸ்ட் என்ற கொம்பனியிடம் இருக்கிறது. இத்தனை கை மாறியும் அடிப்படை விதி பெரிதாக மாறவில்லை. அறுகோணக் கட்டம் போட்ட தாள், இரண்டு பகடை, ஒவ்வொரு இயந்திரத்துக்கும் கவசத்தைப் புள்ளி புள்ளியாக அடித்துக்கொண்டு போகிற ஒரு தாள். உருவம் இல்லாவிட்டால் போத்தல் மூடியை வைத்தும் ஆடலாம், எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒரு கோடு போட்டுவிட்டால் போதும். பழைய புத்தகம் வைத்திருக்கிறவரும் புதிய பெட்டி வாங்கியவரும் ஒரே மேசையில் உட்காரலாம். 2019 இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் இணையத்தளத்தில் அதற்கு 25 இலட்சம் டொலருக்கு மேல் சேர்ந்தது.

வார்ஹாமர் கொம்பனியின் கற்பனை உலகப் பந்து விளையாட்டான பிளட் போலும் அப்படித்தான். கொம்பனி கவனிக்காமல் விட்ட ஆண்டுகளில் ஆட்டக்காரர்களின் சங்கம்தான் போட்டி நடத்தி அதைக் காப்பாற்றியது. 2016 இல் கொம்பனி புதிய பெட்டி போட்டது.

ஆகவே என் அபிப்பிராயம் இது: விதி நம் கையில் இருக்க வேண்டும், எந்த உருவத்தை வைத்தும் ஆடக்கூடியதாக இருக்க வேண்டும், கூடுகிற நாள் தவறக் கூடாது. இந்த மூன்றும் இருந்தால் கொம்பனி இருந்தாலும் ஒன்று, போனாலும் ஒன்று.

நோர்வூட்காரன் · இப்போது கொழும்பு

அண்ணே, மரியாதையோடு ஒரு மறுப்பு.

நீங்கள் சொன்ன பெட்டில்டெக், பிளட் போல் எல்லாம் பெரிய நாடுகளில் ஆயிரக்கணக்கான பேர் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தவை. கொம்பனி போன பிறகும் அங்கே பக்கத்து ஊரில் இன்னொருத்தர் இருப்பார். நம்மிடம் அப்படி இல்லை. ஹட்டன் குழுவில் இருவர் வேலைக்குக் கொழும்பு வந்தாலே மேசை காலியாகிவிடும். நானே அப்படி வந்தவன்தான். தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் ஊருக்கு வரும்போது ஆடுகிறேன், மற்ற நாளில் பெட்டி கட்டிலுக்கு அடியில்.

புதிய ஆள் எப்படி வருகிறான்? இணையத்தில் ஒரு வீடியோ பார்க்கிறான், ஒரு புதிய பெட்டியின் படம் பார்க்கிறான், அது வேண்டும் என்று ஆசைப்படுகிறான். இந்த ஆசையை உண்டாக்குவது கொம்பனிதான். கேம்ஸ் வேர்க்‌ஷொப் 2024 டிசம்பரில் லண்டன் பங்குச் சந்தையின் முதல் 100 கொம்பனிகளின் பட்டியலுக்குள் போனது. அவ்வளவு பெரிதாக வளர்ந்ததற்குக் காரணம், மாதா மாதம் புதிதாக ஏதோ ஒன்று வந்துகொண்டே இருப்பதுதான். விலை அதிகம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர்களுடைய எதிர்கால விண்வெளிப் போர் விளையாட்டான வார்ஹாமர் 40,000 ஆடத் தெரிந்தவன் கொழும்புக்கு வந்தாலும், துபாய்க்குப் போனாலும், கனடாவுக்குப் போனாலும் ஆட ஆள் கிடைக்கும். நம் பிள்ளைகள் எப்படியும் வெளியே போகப் போகிறவர்கள். அதையும் யோசிக்க வேண்டும்.

விண்கலன் · ஹட்டன்

@நோர்வூட்காரன், வெளியே போகிறவர்களைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் 40,000 இல் ஒழுங்கான ஒரு படை சேர்க்க எங்கள் முழுக் காசும் ஒரே ஆளுக்குப் போய்விடும். 2022 க்கு முன் டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. அந்த வருடமே 360 ஐத் தொட்டது, இப்போதும் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 சதவீதம். அதற்கு மேல் தபால் செலவு, சுங்க வரி. இங்கிலாந்தில் ஒரு பையன் கைச்செலவுக் காசில் வாங்குகிற பெட்டி இங்கே ஒரு குடும்பத்தின் மாதச் சாப்பாட்டுச் செலவில் பெரும் பங்கு. தோட்டத்தில் நாட்சம்பளம் வாங்குகிற வீட்டுப் பிள்ளையிடம் இதை வாங்கு என்று எனக்குச் சொல்ல வாய் வராது.

ரெசின்கூடு · நுவரெலியா

விலைப் பிரச்சினைக்கு, உருவங்களை வீட்டிலேயே அடிக்கிற முப்பரிமாண பிரிண்டர்தானே பதில் என்று யாராவது கேட்பார்கள், அதனால் என் அனுபவத்தை எழுதிவிடுகிறேன். வீட்டில் ரெசின் என்ற திரவத்தைப் படலம் படலமாக இறுக வைத்து உருவம் செய்கிற பிரிண்டர் ஒன்று வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்து உருவங்களில் பாதி அதிலிருந்து வந்தவை.

நன்றாக வந்தால் அருமை. 28 மில்லிமீற்றர் சிப்பாயின் இடுப்பு வாரில் இருக்கிற கொக்கி வரை தெரியும். ஆனால் நுவரெலியாவில் அது சும்மா வராது. பெரும்பாலான ரெசின் 25 பாகை சூட்டுக்கு மேல்தான் ஒழுங்காக வேலை செய்யும். எங்கள் ஊரின் சராசரியே 16 பாகை அளவு. ஜனவரி இரவில் பனி விழுகிற குளிருக்குப் போகும். குளிரில் ரெசின் பாணி மாதிரித் தடித்துவிடும். முதல் படலம் தட்டில் ஒட்டாது, அல்லது நடுவில் படலம் படலமாகப் பிரிந்துவிடும். காலையில் திறந்து பார்த்தால் தாங்குகால்கள் மட்டும் நிற்கும், உருவம் தொட்டியின் அடியில் ஒட்டிக்கிடக்கும். ரெசின் போத்தலை வெந்நீர்ச் சட்டியில் வைத்துச் சூடாக்கி, பிரிண்டரை ஒரு பெட்டிக்குள் மூடி, சின்ன ஹீட்டர் போட்டுத்தான் ஓட்டுகிறேன். நடுவில் கரண்ட் போனால் அதுவரை செய்தது வீண், ஆகவே யூபிஎஸ் வேண்டும்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ரெசின் கழுவிய ஸ்பிரிட்டை யாரும் கானில் ஊற்ற வேண்டாம். மலையில் மேலே ஊற்றுவது கீழே ஒரு லயத்தின் பீலித் தண்ணீரில் போய்ச் சேரும். வெயிலில் வைத்து இறுக விட்டு, வடித்து, திண்மமானதை வேறாகக் கட்டிப் போடுங்கள். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். யன்னல் இல்லாத காம்பராவில், சின்னப் பிள்ளைகள் படுக்கிற இடத்தில் இதை வைக்கவே கூடாது. அதனால்தான் ஆளுக்கு ஒரு பிரிண்டர் என்பதை நான் ஆதரிக்கவில்லை. ஊருக்கு ஒன்று, இடவசதி உள்ள ஒருவர் வீட்டில் இருந்தால் போதும்.

எக்ஸ்-விங் கலங்களைப் பிரிண்ட் செய்து தரச் சொல்லி சிலர் கேட்டார்கள். கொம்பனியின் உருவத்தை ஸ்கேன் செய்த கோப்புகளை நான் அடிப்பதில்லை. சொந்தமாகச் செதுக்கி விற்கிற கலைஞர்களின் கோப்பை வாங்கி அடிக்கிறேன். ஒரு சின்னக் கலைஞருக்குக் காசு போனால் அவர் அடுத்ததைச் செய்வார். இந்தத் துறை நிலைக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் அதையாவது செய்ய வேண்டும்.

கம்பளைக் கட்டம் · கம்பளை

ரெசின்கூடு அண்ணே, சூடாக்குகிற பெட்டியின் படம் ஒன்று போட முடியுமா? நான் ரிஜிபோம் பெட்டியில் செய்து பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

ரெசின்கூடு · நுவரெலியா

போடுகிறேன் தம்பி. ரிஜிபோமுக்குப் பக்கத்தில் ஹீட்டரை வைக்க வேண்டாம், உருகும், தீயும் பிடிக்கும். தகரம் அல்லது தடித்த மரப் பெட்டி எடுங்கள்.

தூரிகை டீச்சர் · தலவாக்கலை

எதிர்காலம் பற்றிய பேச்சு முழுக்கக் கொம்பனியையும் விலையையும் சுற்றியே போகிறது. எனக்குத் தெரிந்த தடை வேறு.

பாடசாலை முடிந்த பிறகு பிள்ளைகளோடு ஃப்ரோஸ்ட்கிரேவ் ஆடுகிறேன். 2015 இல் ஒஸ்ப்ரே வெளியிட்டது. ஒரு மந்திரவாதி, ஒரு சீடன், கூட எட்டுப் பேர் வரை, ஆக மொத்தம் பத்து உருவம். எந்த உருவமாக இருந்தாலும் பரவாயில்லை என்று புத்தகமே சொல்கிறது. ஒரு புத்தகத்தை வைத்து ஒரு வகுப்பே ஆடுகிறது. சில பிள்ளைகள் அட்டையில் வரைந்து வெட்டி நிறுத்திய ஆட்களோடு ஆடுகிறார்கள், அதற்கும் மேசையில் அதே மரியாதைதான்.

முதலில் வந்த தடை பகடை. ஒரு தாத்தா நேரே பாடசாலைக்கு வந்து, "பிள்ளைகளுக்குச் சூதாட்டம் சொல்லிக் குடுக்கிறீங்களா டீச்சர்?" என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழை இல்லை. பகடை உருண்ட இடத்தில் சம்பளக் காசு போனதைப் பார்த்த தலைமுறை அது. அவரை உட்கார வைத்து ஒரு ஆட்டம் முழுக்கப் பார்க்கச் சொன்னேன். காசு இல்லை, பந்தயம் இல்லை, பேத்தி இருபது பக்கப் பகடையின் எண்ணோடு கூட்டிக் கழித்து, எதிரியின் கவச எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கிறாள் என்று விளங்கிய பிறகு ஒன்றும் சொல்லவில்லை. இப்போது அந்தப் பிள்ளைதான் மற்றவர்களுக்கு விதி சொல்லிக் கொடுக்கிறது.

இரண்டாவது, போர் என்ற சொல். 1983 முதல் 2009 வரை யுத்தம் நடந்த நாடு இது. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைக் காட்டி நின்ற நினைவு மலையகத்தில் எல்லா வீட்டிலும் இருக்கிறது. அந்த யுத்தத்தை மேசையில் வைப்பதற்கு நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன். என் வகுப்பில் துப்பாக்கியும் சீருடையும் போட்ட இக்காலச் சிப்பாய் உருவங்களே கிடையாது. மந்திரவாதி, எலும்புக்கூடு, பனிக்கரடி சரி. புதிதாகக் குழு தொடங்குகிறவர்கள் பெற்றோரோடு இதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

வர்ணம் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் மழைக்கும் மூட்டத்துக்கும், வர்ணத்துக்கு முன் அடிப்பூச்சாக அடிக்கிற ஸ்ப்ரே பிரைமர் ஒத்து வராது. ஈரக்காற்றில் அடித்தால் மேலே வெள்ளை மா பூத்த மாதிரி ஆகி நுணுக்கமெல்லாம் மூடிப்போகும். தூரிகையால் பூசுகிற பிரைமர் வாங்குங்கள். நேரம் கூட எடுத்தாலும் ஒரு போத்தல் நீண்ட நாளுக்கு வரும்.

நோர்வூட்காரன் · இப்போது கொழும்பு

டீச்சர், நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு 40,000 பற்றிய என் வாதத்தைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். பத்து உருவம் என்றால் ஊரிலிருந்து பஸ்ஸில் கொண்டு வரவும் முடியும். ஆனாலும் கேட்கிறேன்: உங்களிடம் படித்த பிள்ளை ஏ/எல் முடித்து வேறு ஊர் போனால் அங்கே யாரோடு ஆடும்?

தூரிகை டீச்சர் · தலவாக்கலை

தம்பி, புத்தகமும் பத்து உருவமும் கையில் இருக்கிற பிள்ளை இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுக்கும். விடுதியில் ஒரு பிள்ளை அப்படித் தொடங்கிவிட்டதாகச் சேதி வந்தது. பெரிய படை தேவைப்படுகிற விளையாட்டில் அது நடக்காது, ஏனென்றால் எதிரே உட்காருகிறவரும் முதலில் ஒரு படை வாங்கியாக வேண்டும். டீச்சர் கையில் இரண்டு பக்கத்துக்கும் உருவம் இருந்ததால்தான் என் வகுப்பும் தொடங்கியது.

பாலனைக் கணவாய் · பேராதனை

நான் யூனியில் வரலாறு படிக்கிறவன். டீச்சர் சொன்ன எல்லைக்குள் நின்றுகொண்டே ஒரு யோசனை.

கொம்பனி இல்லாமல் நிற்கிற விளையாட்டு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது டீபிஏ. 1990 இல் வந்தது, பழங்காலப் போர்களுக்கானது. சில உருவங்களை ஒன்றாக ஒட்டியது ஒரு தட்டு, ஒரு பக்கத்துக்கு 12 தட்டு, அவ்வளவுதான் முழுப் படையும். ஒவ்வொரு முறையும் ஒரு பகடை போட வேண்டும், விழுகிற எண்ணிக்கைக்கு மட்டுமே தட்டுகளையோ கூட்டங்களையோ நகர்த்தலாம். ஒன்று விழுந்தால் ஒரே ஒரு நகர்வு. எல்லாவற்றையும் செய்ய ஆசை, ஒன்றைத்தான் செய்ய முடியும் என்கிற அந்த நெருக்கடிதான் இதன் சுவை. ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். அதன் படைப் பட்டியலில் தமிழர் படையும் சிங்களவர் படையும் யானைகளோடு இருக்கின்றன.

நான் செய்துகொண்டிருப்பது அதே முறையை வைத்து எங்கள் மண்ணின் ஒரு போரை எழுதுவது. கன்னொறுவை, 1638 மார்ச் 28. போர்த்துக்கேயரின் தளபதி தியோகோ டி மெலோ கண்டிக்குள் நுழைகிறார். கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கன் ஊரை முன்பே காலி செய்துவிட்டான். அவர்கள் வெறும் ஊருக்குத் தீ வைத்துவிட்டுத் திரும்புகிறார்கள். திரும்பும் வழியில், இப்போதைய பேராதனைத் தோட்டத்துக்கு எதிரே மகாவலிக்கு அந்தப் பக்கம், கன்னொறுவையில் இராஜசிங்கனும் அவன் அண்ணன் விஜயபாலனும் மறிக்கிறார்கள். போர்த்துக்கேயரோடு வந்த லஸ்கரின்கள் என்ற உள்ளூர்ச் சிப்பாய்கள் கட்சி மாறிவிடுகிறார்கள். தளபதி உட்படப் படை அழிந்தது. கண்டிக்கும் போர்த்துக்கேயருக்கும் நடந்த கடைசிப் பெரும் போர் அதுதான்.

டீபிஏ இந்தக் காலத்துக்கு வராது, அதனால் துப்பாக்கிக்கும் கட்சி மாறுவதற்கும் நானே விதி சேர்க்கிறேன். உருவத்துக்கு 1/72 அளவுப் பிளாஸ்டிக் பெட்டிகள், 17 ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் காலாட்கள். ஒரு பெட்டியில் நாற்பது ஐம்பது பேர் வருவார்கள், பெரிய உருவங்களோடு பார்த்தால் விலை மிகவும் குறைவு. கண்டிப் படைக்குத்தான் உருவம் இல்லை. இந்திய உருவங்களை எடுத்துத் தலைப்பாகையையும் இடுப்புத் துணியையும் எபொக்சி மாவில் மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

நான் சொல்ல வருவது, இந்தப் போரை எந்த வெளிநாட்டுக் கொம்பனியும் பெட்டியில் போடப் போவதில்லை. நாம் செய்தால்தான் உண்டு. அப்படிச் செய்ததை யாரும் நிறுத்திவிட்டோம் என்று அறிவிக்கவும் முடியாது.

ஆறுபக்கம் · பண்டாரவளை

அருமை தம்பி. நிலத்துக்கு ஒரு குறிப்பு தருகிறேன். பச்சைத் தேய்ப்பு நாரைக் கத்தரித்து, மேலே தட்டையாக வெட்டி விட்டால் கொழுந்து எடுத்த தேயிலைச் செடி மாதிரியே இருக்கும். உங்கள் 1638 க்குத் தேயிலை வராது, அப்போது அது வெறும் காடு. ஆனால் காட்டுத் தரைக்குத் தேத்தண்ணீர் ஊற்றிய சக்கை நல்லது. வெயிலில் நன்றாகக் காய வைத்து, பைண்டர் கம் தடவிய அட்டையில் தூவி, காய்ந்த பிறகு தண்ணீர் கலந்த கம்மை மேலே இன்னொரு முறை விடுங்கள். ஈரம் கொஞ்சம் இருந்தாலும் மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். எங்கள் வீட்டில் அடுப்புக்கு மேலே தட்டில் வைத்துக் காய வைப்போம். ரிஜிபோமில் மலை செய்தால் முதலில் கம்மும் மணலும் பூசி மூடிவிடுங்கள், ஸ்ப்ரே நேரே பட்டால் அரித்துவிடும்.

விண்கலன் · ஹட்டன்

எல்லாவற்றையும் குழுவுக்கு வாசித்துக் காட்டினேன். எக்ஸ்-விங்கை விடுவதில்லை என்பதில் இப்போது எல்லோரும் ஒரு பக்கம். ஆனால் எந்த எக்ஸ்-விங் என்பதில் இரண்டாகி நிற்கிறோம்.

கொம்பனி போன பிறகு எக்ஸ்-விங் அலையன்ஸ் என்ற ஆட்டக்காரர் அமைப்பு, கடைசியாக இருந்த விதியைத் தொடர்ந்து புள்ளிகளைத் திருத்தி வெளியிடுகிறது. எக்ஸ்2பிஓ என்ற இன்னொரு குழு, அட்டாமிக் மாஸ் மாற்றுவதற்கு முந்தைய இரண்டாம் பதிப்பைக் காப்பாற்றி வருகிறது. இரண்டும் இலவசம், இரண்டும் சம்பளம் இல்லாமல் உழைக்கிறவர்கள் செய்வது. அவர்கள் மேல் எனக்குப் பெரிய மதிப்பு இருக்கிறது. ஆனால் எட்டுப் பேர்கூட இல்லாத ஊரில் இரண்டு விதியும் ஓடினால் யாருக்கும் ஆள் கிடைக்காது.

ஆறுபக்கம் · பண்டாரவளை

பழைய இரண்டாம் பதிப்பையே எடுங்கள் தம்பி. அங்கே கலத்தின் புள்ளி, கலத்துக்குக் கூடுதல் திறன் தருகிற மேம்பாட்டு அட்டையின் புள்ளி எல்லாம் ஒரே கணக்கு. புதிய பையனுக்குப் பத்து நிமிடத்தில் விளங்கும்.

நோர்வூட்காரன் · இப்போது கொழும்பு

நான் அலையன்ஸ் பக்கம். வெளிநாட்டுப் போட்டிகளின் வீடியோவில் அதைத்தான் அதிகம் பார்க்கிறேன். இணையத்தில் ஆடவும் அதில்தான் எனக்கு எளிதாக ஆள் கிடைக்கிறார்கள். ஊரில் இல்லாதவர்களுக்கு அது முக்கியம். மேசை கிடைக்காத மாதங்களில் வாசல் (Vassal) என்ற இலவச மென்பொருளில் ஆடுகிறேன். பழைய மடிக்கணினியிலும் ஓடும், டேட்டாவும் அதிகம் போகாது.

விண்கலன் · ஹட்டன்

இதை இங்கே முடிக்க முடியாது போல. தீபாவளிக்கு ஊருக்கு வருகிறவர்களையும் சேர்த்து வைத்து, இரண்டையும் ஒவ்வொரு முறை ஆடிப் பார்த்துவிட்டு வாக்கெடுக்கலாம் என்று பேசியிருக்கிறோம். தோற்ற பக்கம் பிரிந்து போவதில்லை என்பதற்கு மட்டும் இப்போதே எல்லோரும் ஒத்துக்கொண்டிருக்கிறோம்.

காசு விஷயம் முடிவாகிவிட்டது. ஃப்ரோஸ்ட்கிரேவ் புத்தகம் ஒன்று, 1/72 பெட்டிகள் சில. படை யாருடைய பெயரிலும் இல்லை, இரண்டு பக்கமும் குழுவுக்குச் சொந்தம். டீச்சர் சொன்ன மாதிரி, எதிரே உட்காருகிறவர் வெறுங்கையோடு வரலாம். @பாலனைக் கணவாய், உங்கள் கன்னொறுவை விதியை நாங்கள் ஆடிப் பார்க்கலாமா?

பாலனைக் கணவாய் · பேராதனை

தாராளமாக அண்ணே. இப்போதைய வடிவம் இப்படி: போர்த்துக்கேயர் மேசையின் ஒரு ஓரத்திலிருந்து எதிர் ஓரத்துக்கு வெளியேற வேண்டும். பாதையில் வெட்டிச் சாய்த்த மரங்கள் மூன்று இடத்தில், அகற்ற ஒரு நகர்வு செலவாகும். ஒவ்வொரு முறையும் லஸ்கரின் தட்டு ஒவ்வொன்றுக்கும் பகடை, ஒன்று விழுந்தால் அந்தத் தட்டு கண்டிப் பக்கம்.

தூரிகை டீச்சர் · தலவாக்கலை

தம்பி, பிள்ளைகளோடு உங்கள் குறிப்பை வைத்து ஆடிப் பார்த்தோம். போர்த்துக்கேயப் பக்கம் ஆடிய பிள்ளை பாதியில் சோர்ந்துவிட்டது. தன் ஆட்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர அதற்குச் செய்ய ஒன்றும் இல்லை. வரலாறு அப்படித்தான் என்றாலும், மேசையில் உட்காருகிறவருக்கு ஒரு தெரிவு வேண்டும்.

பாலனைக் கணவாய் · பேராதனை

நல்ல இடத்தைப் பிடித்துவிட்டீர்கள் டீச்சர். அப்படியானால் இதை மாற்றுகிறேன்: பகடையில் கிடைத்த நகர்வுகளில் ஒன்றைச் செலவழித்து, தளபதியின் தட்டை ஒரு லஸ்கரின் கூட்டத்தோடு ஒட்டி நிறுத்தினால் அந்தக் கூட்டத்துக்கு அந்த முறை பகடை வேண்டாம். அவர்களைப் பிடித்து வைக்க நினைத்தால் படை மெதுவாகப் போகும், மரத் தடையை அகற்ற நகர்வு மிஞ்சாது. வேகமாகப் போக நினைத்தால் ஆட்கள் போவார்கள்.

ரெசின்கூடு · நுவரெலியா

அப்போது கண்டிப் பக்கம் ஆடுகிறவர் தளபதியைக் குறிவைத்தே யானையை விடுவார். தளபதி விழுந்தால் லஸ்கரின்களுக்கு என்ன?

பாலனைக் கணவாய் · பேராதனை

மூன்றும் அதற்குக் கீழும் விழுந்தால் போய்விடுவார்கள் என்று வைத்துப் பாருங்கள் அண்ணே. யானைக்கு மரத் தடையைத் தாண்ட முடியாது என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மூன்றாவது முறையிலேயே ஆட்டம் முடிந்துவிடும்.

தூரிகை டீச்சர் · தலவாக்கலை

வெள்ளிக்கிழமை ஆடிவிட்டு எழுதுகிறேன். அதே பிள்ளைதான் மறுபடியும் போர்த்துக்கேயப் பக்கம் கேட்கிறது.